கொடைக்கானல் காளான்... 17 வயதில் சாப்பிட்டது, 21 வயதிலும் கண்ணில் தெரிகிறது!

“இதுவும் கீரை மாதிரி இயற்கைதான்டா, ஒண்ணும் ஆகாது!”

கொடைக்கானல் டூரில் என் நண்பனுக்கு இப்படிச் சொல்லித்தான் போதைக் காளானைக் கொடுத்திருக்கிறார்கள். அப்போது அவனுக்கு 17 வயது. சில மணி நேரம் சுவர் மூச்சு விட்டதாம், புல்வெளி அலையடித்ததாம். மறுநாள் எல்லாம் தெளிந்துவிட்டது.

தெளியவில்லை என்பது சில வாரங்களில் தெரிந்தது. கையை அசைத்தால், பின்னாலேயே நாலைந்து கைகள் வால் மாதிரி வந்தன. தெருவிளக்கைச் சுற்றி வளையம். வெள்ளைச் சுவரைப் பார்த்தால், பழைய டி.வி-யில் சிக்னல் போனதும் தெரியுமே, அந்தப் புள்ளிகள். கண் டாக்டர், ‘பார்வை பக்காவா இருக்கு’ என்று அனுப்பிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. காளான் விஷயத்தை இவன் சொல்லவே இல்லை. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பிரச்னைக்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது: ஹாலுசினோஜன் பெர்சிஸ்டிங் பெர்செப்ஷன் டிஸார்டர். சுருக்கமாக, ஹெச்.பி.பி.டி. எல்.எஸ்.டி எடுத்தவர்களிடம் அதிகம் பேசப்பட்டாலும், காளானாலும் வரும். எல்லோருக்கும் வராது, ஆனால், ஒரே ஒருமுறை எடுத்தவர்களுக்கும் வந்திருக்கிறது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கிறது. மனச்சிதைவு வேறு, இது வேறு. தெரிவது நிஜமில்லை என்று இவர்களுக்கு நன்றாகவே தெரியும். ‘எனக்குப் பைத்தியம் பிடிக்குதோ’ என்ற பயம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

காளானில் இருப்பது சைலோசைபின். உடலுக்குள் அது சைலோசினாக மாறி, மூளையில் செரட்டோனின் உட்காரவேண்டிய இடங்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது. காட்சிகள் குழம்புவது அதனால்தான். 17 வயதில் மூளை வளர்ந்து முடிந்த மூளை அல்ல. தேவையில்லாத நரம்பு இணைப்புகளை வெட்டி, தேவையானதைப் பலப்படுத்தும் வேலை அப்போதும் நடக்கிறது. யோசித்து முடிவெடுக்க உதவும் முன்பகுதி முழுதாக முதிர 20-களின் நடுப்பகுதி ஆகிவிடும். வீடு கட்டிக்கொண்டிருக்கும்போதே ஒயரிங்கில் கைவைக்கிற மாதிரி!

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 14 முதல் 65 வயது வரையிலான 90 லட்சம் பேருக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து, 2024-ல் ஓர் ஆய்வு வெளியானது. இந்த வகைப் போதையால் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களில் சுமார் 4 சதவிகிதம் பேருக்கு, 3 ஆண்டுகளுக்குள் மனச்சிதைவு வகை நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. மற்ற போதைப் பழக்கங்களையும் ஏற்கெனவே இருந்த மனநலப் பிரச்னைகளையும் கழித்துப் பார்த்தாலும், மற்றவர்களைவிட சுமார் மூன்றரை மடங்கு அதிகம். போதைதான் காரணம் என்று இதைவைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் ஆபத்து கூடுதல்.

“டிப்ரஷனுக்கு இதையே மருந்தா குடுக்குறாங்களே?” என்று ரீல்ஸ் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. அந்த ஆய்வுகள் பெரியவர்களிடம் நடப்பவை. குடும்ப வரலாறு வரை விசாரித்து, அளந்து கொடுத்து, பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்திருப்பார். மலையில் யாரோ பொட்டலம் கட்டித் தருவதில் என்ன காளான் இருக்கிறது என்பதே தெரியாது. கல்லீரலைக் காலி செய்யும் காளான்களும் உண்டு. தவிர, சைலோசைபின் வைத்திருப்பதே இங்கே குற்றம்.

வீட்டில் பிள்ளைகள், ‘வெளிச்சத்தைப் பார்த்தா வளையம் தெரியுது, புள்ளி புள்ளியா ஓடுது’ என்றால், முதலில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். ஒற்றைத்தலைவலியிலும் இப்படி வரலாம். அங்கே எல்லாம் நார்மல் என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். டாக்டரிடம் தனியாகப் பேச பிள்ளைக்கு 10 நிமிடம் கொடுத்துவிட்டு வெளியே உட்காருங்கள். மனநோய்க்குத் தரும் சில மாத்திரைகள் ஹெச்.பி.பி.டி-யை அதிகமாக்கக்கூடும் என்பதால், டாக்டருக்கு உண்மை தெரிந்தாக வேண்டும். கஞ்சா உட்பட எல்லா போதையையும் நிறுத்தி, ஒழுங்காகத் தூங்கினால் பலருக்கு மெள்ளக் குறைகிறது. போனில் பேச டெலி மானஸ் 14416, போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. இரண்டும் இலவசம்.

நண்பனுக்கு இப்போது 21 வயது. போன மாதம்தான் அவன் அக்காவிடம் சொன்னான். அவர் திட்டவில்லையாம். டாக்டரிடம் அவரே அழைத்துப் போனார். வளையம் இன்னும் தெரிகிறது, பயம் குறைந்திருக்கிறது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அக்காவும் தம்பியும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.