ஹேவ்லாக் போறீங்களா? பெட்டி கட்டும் முன் தினசரி காலண்டரைப் பாருங்க!

சென்னையிலிருந்து விமானம், அப்புறம் ஒன்றரை மணி நேரம் ஃபெர்ரி. ஒரு கையில் பெட்டி, தோளில் தூங்கிவிட்ட குழந்தை. கடலைப் பார்த்த அறை வேண்டும் என்று கூடுதலாகப் பணம் கட்டியிருக்கிறார்கள். ஆசையாகக் கதவைத் திறந்தால், கடலைக் காணோம்! கறுத்த பாறையும் பாசியும், குட்டை குட்டையாகத் தேங்கிய தண்ணீரும்தான் தெரிகின்றன. நீல நிறம் எங்கோ தூரத்தில் ஒரு கோடாக இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று வரவேற்பறைக்குப் போய்ச் சண்டை போடுகிறார் அப்பா. அங்கே இருப்பவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல், "ராத்திரி எட்டு மணிக்கு வந்துடும் சார்" என்கிறார், ஏதோ ரயில் வருவதைச் சொல்வதுபோல.

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் அடிக்கடி நடக்கும் காட்சிதான் இது. 2018 டிசம்பரில் இந்தத் தீவுக்கு ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், பேச்சில் பழைய பெயர்தான். போர்ட் பிளேரும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. முன்பதிவு செய்யும்போது இரண்டு பெயரையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சண்டை போட்ட அப்பாவைக் குறை சொல்லவும் முடியாது. மெரினாவையும் பெசன்ட் நகரையும் பார்த்து வளர்ந்தவருக்குக் கடல் எப்போதும் இருந்த இடத்திலேயே இருக்கும். சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அதிகபட்சமாக ஒரு மீட்டர் அளவுதான். கரையும் சரிவான மணல் என்பதால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியையொட்டி அது சுமார் 2 மீட்டர் ஆகிவிடும். கிட்டத்தட்ட தரைமட்டமாக விரிந்து கிடக்கும் பவளப்பாறைத் திட்டில் 2 மீட்டர் தண்ணீர் இறங்கினால், கடல் கால் வைத்து நடந்து போனதுபோல உள்ளே போய்விடும்.

இதற்காகப் புதிதாக எதையும் படிக்க வேண்டியதில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். அமாவாசையும் பௌர்ணமியும் வரும் நாள்களிலும், அடுத்த ஓரிரு நாள்களிலும் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமியையொட்டிய நாள்களில் இரண்டுமே குறைவு, கடல் ரொம்ப தூரம் போகாது. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிவைக்கும் அஷ்டமி, ஹேவ்லாக்கில் அறை எடுக்க அருமையான நாள்! பௌர்ணமி நிலவைக் கடலில் பார்க்க ஆசைப்பட்டுப் போகிறவர்கள், பகலில் பாறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே போகலாம்.

ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றத்திலிருந்து வற்றத்துக்குச் சுமார் ஆறு மணி நேரம். இந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 9 மணிக்குக் கடல் நிறைந்திருந்தால், நாளை 9.50-க்கு. போர்ட் பிளேருக்கான ஏற்ற வற்ற அட்டவணை இணையத்தில் கிடைக்கும். தங்கும் நாள்களுக்கு உரியதை மட்டும் ஊரிலேயே போனில் படமாகச் சேமித்துக்கொள்வது புத்திசாலித்தனம். சென்னையிலிருந்து கடலுக்கடியில் போட்ட கேபிள் 2020 ஆகஸ்ட்டில் வந்த பிறகு தீவுகளில் இணையம் எவ்வளவோ மேல். ஆனாலும் கடற்கரையில் நின்று தேடும்போது சிக்னல் காலை வாரிவிடும்.

எந்த நேரம், எந்தக் கரை?

ஹேவ்லாக்கில் விடுதிகளில் பெரும்பாலானவை கிழக்குக் கரையில், மூன்றாம் நம்பர், ஐந்தாம் நம்பர் கடற்கரைகளை ஒட்டி இருக்கின்றன. 1950-களில் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளக் குடும்பங்களைக் குடியமர்த்திய தீவு இது. ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: கோவிந்த நகர், விஜய நகர், ஷ்யாம் நகர், கிருஷ்ணா நகர், ராதா நகர். ஒரு பஜனை மடத்துக்குள் நுழைந்ததுபோல இருக்கும். ஆனால், ஆட்டோக்காரரிடம் விஜய நகர் என்பதைவிட ஐந்தாம் நம்பர் என்றால்தான் சட்டென்று வண்டி நகரும்.

கிழக்குக் கரை ஏற்றத்தில் குளிக்க, வற்றத்தில் வேடிக்கை பார்க்க. தண்ணீர் இறங்கிய பிறகு பாறைக் குட்டைகளில் நண்டு, கடல் அட்டை, குட்டி மீன்கள் என்று பிள்ளைகளுக்கு ஒரு கண்காட்சியே இருக்கும். அந்த நேரம் வீண் என்று அறைக்குள் டி.வி. பார்ப்பவர்களுக்குத்தான் நஷ்டம். செருப்பு போதாது, தண்ணீரில் போடுகிற ரப்பர் ஷூ வேண்டும். பவளப்பாறையில் கீறினால் காயம் ஆற நாளாகும். முள்ளம்பன்றி மாதிரி கறுப்பு முள்ளோடு இருக்கும் கடல் முள்ளெலியை மிதித்துவிட்டால் அன்றைய உல்லாசம் அதோடு சரி.

மேற்குக் கரையில் இருப்பது ராதாநகர் கடற்கரை, ஏழாம் நம்பர். 2004-ல் 'டைம்' பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்றதும், 2020-ல் நீலக்கொடிச் சான்றிதழ் வாங்கியதும் இதுதான். ஃபெர்ரி துறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பாறை இல்லாத வெள்ளை மணல். கிழக்கே கடல் உள்வாங்கிய நேரத்தில் குளிக்க ஆசைப்படுகிறவர்கள் வண்டியை இங்கே திருப்பலாம். ஆகவே, காலை ஏற்றமா, அறை வாசலிலேயே குளியல். மத்தியானம் வற்றமா, ராதாநகர். இந்த ஒரு கணக்கு பிடிபட்டால் மூன்று நாள் பயணத்தில் ஒரு வேளைகூட வீணாகாது.

பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு

மேலே சொன்ன பாறைத் திட்டில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வற்றத்தில் அரை கிலோமீட்டர்கூட உள்ளே நடந்து போகலாம் என்று தோன்றும். போகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், நேரம் போவது தெரியாது. கடல் திரும்பும்போது முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் ஏறுவதே தெரியாது. மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில்தான் மொத்த உயரத்தில் பாதி வந்துவிடும். அதுவும் முன்னாலிருந்து மட்டும் வராது, பின்னால் இருக்கும் பள்ளங்கள் முதலில் நிரம்பும். முழங்கால் அளவுக்கு வந்துவிட்டால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாறையில் தடுமாற வேண்டியதுதான். அட்டவணையில் உள்ள வற்ற நேரம் முடிந்ததும் கரைக்குத் திரும்பத் தொடங்கிவிட வேண்டும். இதில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று பேரமே வேண்டாம்.

ராதாநகரில் கவனிக்க வேண்டியது வேறு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இங்கே அலை முரட்டுத்தனமாக அடிக்கும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நேராகப் போராடினால் களைப்புதான் மிஞ்சும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் திரும்ப வேண்டும். உயிர்காப்பாளர் விசில் அடித்தால் அவரிடம் வாதாடக் கூடாது. நம் ஊர்ப் பெண்கள் பலர் சேலையோடும் துப்பட்டாவோடும் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். ஈரச் சேலை காலைச் சுற்றினால் இடுப்பளவுத் தண்ணீரிலேயே எழ முடியாது. முழுக்கை டி-ஷர்ட்டும் லெகிங்ஸும் போட்டுக்கொண்டால் வெயிலுக்கும் நல்லது, கூச்சத்துக்கும் பிரச்னை இல்லை.

இன்னொரு விஷயத்தைச் சுற்றுலா விளம்பரங்கள் சொல்வதில்லை: முதலை. உப்புநீர் முதலைகளின் பூர்விகம் அந்தமான். 2010-ல் ராதாநகரை ஒட்டிய பகுதியில் நீரில் இருந்த அமெரிக்க சுற்றுலாப் பயணி ஒருவர் முதலை தாக்கி இறந்தார். இதைச் சொல்வது பயணத்தை ரத்து செய்ய அல்ல. எத்தனையோ பேர் நிம்மதியாகக் குளித்துவிட்டு வருகிறார்கள். ஆனால் ஓடை கடலில் கலக்கும் இடம், அலையாத்திக் காட்டு ஓரம், ஆளில்லாத 'ரகசிய' கடற்கரை ஆகிய மூன்றிலும் இறங்கக் கூடாது. கயிறோ வலையோ கட்டி எல்லை காட்டியிருந்தால் அதற்குள்ளேயே குளிக்க வேண்டும். இருட்டத் தொடங்கினால் வெளியே வந்துவிட வேண்டும். முதலை எச்சரிக்கைப் பலகையோடு செல்ஃபி எடுத்துவிட்டு அதே இடத்தில் இறங்குகிறவர்களை என்னவென்று சொல்வது!

இருட்டு அங்கே சீக்கிரமே வந்துவிடும். அந்தமான் சென்னைக்குக் கிழக்கே வெகுதூரத்தில் இருந்தாலும் கடிகாரம் ஒன்றுதான். அதனால் சூரியன் சுமார் 50 நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே அஸ்தமனம். சாவகாசமாக காபி குடித்துவிட்டு ஐந்தரை மணிக்கு ராதாநகர் போகிறவர்களுக்கு இருட்டுதான் தரிசனம். அறைக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொண்டு வாழ்ந்தால் சரியாக இருக்கும்.

ஸ்கூபா டைவிங் ஆசை இருந்தால் பயணத்தின் முதல் பாதியிலேயே முடித்துவிடுவது அவசியம். ஆழத்தில் மூச்சு விடும்போது ரத்தத்தில் கரையும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். டைவிங் முடிந்த உடனே விமானம் ஏறினால், காற்றழுத்தம் குறையும்போது அது குமிழாக மாறி உடலைப் பாதிக்கலாம். 18 முதல் 24 மணி நேர இடைவெளி தேவை. பொதுவாக 10 வயது முடியாத பிள்ளைகளுக்கு டைவிங் கிடையாது. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. தீவில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம்தான். பெரிய சிகிச்சைக்குப் போர்ட் பிளேர்தான் போக வேண்டும்.

மணல் ஈ கடித்தால் சொறியாமல் இருப்பதே பாதி வைத்தியம். காலையிலும் மாலையிலும் மணலில் படுக்காமல் துண்டு விரித்து உட்கார்ந்தால் தப்பிக்கலாம். தென்னை மரத்தடியில் நாற்காலி போடும் முன் ஒரு முறை அண்ணாந்து பார்ப்பது நல்லது. ரொக்கம் வேண்டிய அளவுக்குப் போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்ளலாம். காய்கறியில் பெரும்பங்கு கப்பலில் வருவதால் சைவச் சாப்பாடு ஊரைவிட விலை கூடத்தான் இருக்கும். மீன் சாப்பிடுகிறவர்கள் விடுதியைவிட்டு மூன்றாம் நம்பர் பஜாருக்கு வந்து, வங்காளிக் கடையில் கடுகு அரைத்துவிட்ட குழம்பைச் சாப்பிட்டுப் பார்க்கலாம். முதல் வாய்க்கு மூக்கில் ஏறும், மூன்றாவது வாய்க்குப் பழகிவிடும்.

கரையில் கிடக்கும் பவளத் துண்டை ஞாபகார்த்தமாகப் பையில் போட்டுக்கொள்வது பிள்ளைகள் செய்கிற வேலை. செத்துப்போன பவளம்கூட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. விமான நிலையச் சோதனையில் பையைத் திறந்து எடுத்தால் சங்கடம் பெற்றோருக்குத்தான். கிளம்பும் முன் பிள்ளைகளின் டவுசர் பாக்கெட்டையும் சேர்த்துத் தடவிப் பார்க்க வேண்டும்.

மே மாதக் கணக்கு

நம் பள்ளிகளுக்கு மே மாதம்தான் விடுமுறை. தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு வருவதற்கு முன்பே, மே மூன்றாவது வாரத்தில் அந்தமானைத் தொட்டுவிடும். வங்கக் கடலில் புயல் உருவாகும் மாதமும் அதுவே. கோடை விடுமுறையில்தான் போக முடியும் என்றால், தேர்வு முடிந்த ஏப்ரல் கடைசியே மேல். மே கடைசி வாரத்தில் அறை வாடகை குறையும். அது ஏன் குறைகிறது என்று யோசிக்க வேண்டும்.

மழையைக்கூட ரசிக்கலாம், ஃபெர்ரி நின்றுவிட்டால்தான் சிக்கல். ஹேவ்லாக்கில் சுற்றுலாப் பயணிகள் இறங்க விமான நிலையம் கிடையாது. போர்ட் பிளேர் சுமார் 40 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் காற்றழுத்தத் தாழ்வால் கடல் கொந்தளித்து, ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் வந்துதான் அழைத்துப் போயின. அந்தத் தாழ்வுதான் வலுத்து, டிசம்பர் 12 அன்று சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தா புயலானது.

காலையில் ஹேவ்லாக்கில் ஃபெர்ரி ஏறி, மத்தியானம் போர்ட் பிளேரில் விமானம் பிடிக்கிற மாதிரி டிக்கெட் போடுகிறவர்கள் நிறைய. ஒரு இரவு வாடகையை மிச்சம் பிடிப்பதாக நினைப்பு. ஃபெர்ரி ரத்தானால் குடும்பம் மொத்தத்துக்கும் கடைசி நிமிட விமான டிக்கெட்டை மறுபடி வாங்க வேண்டியிருக்கும். கடைசி இரவை ஹேவ்லாக்கில் அல்லாமல் போர்ட் பிளேரில் வைத்துக்கொள்ளலாம். மிச்சமாகும் அந்த மாலைக்கு செல்லுலார் சிறையின் ஒலி ஒளிக் காட்சி இருக்கிறது. சீசனில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், ஊர் வந்து சேர்ந்த முதல் நாளே விடுதிக்காரரிடம் சொல்லிவைப்பது நல்லது.