கோச்சியைப் படம்பிடிப்பவர்கள்

புகையிரதத்தைப் பார்ப்பதற்கென்றே புகையிரத நிலையத்துக்குச் செல்வோர் எல்லா நாடுகளிலும் இருக்கின்றனர். அவர்கள் பயணம் செய்வதுமில்லை, எவரையும் வழியனுப்புவதுமில்லை. வண்டி வரும் நேரத்தை அறிந்து, வெயில் எந்தப் பக்கத்தில் விழும் என்று கணித்துக் காத்திருந்து, எஞ்சினின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு படத்துடன் வீடு திரும்புவார்கள். வன்னியிலும் இத்தகைய இளைஞர் சிலரை இப்பொழுது காண முடிகின்றது. பரந்தனுக்கும் ஆனையிறவுக்கும் இடைப்பட்ட வெட்டவெளியில் கமராவுடன் நிற்பவரை, சைக்கிளில் போகிறவர் நிறுத்தி, "தம்பி, இதை எடுத்து என்ன செய்யப் போறீர்?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வியில் பாதி கேலி, பாதி சந்தேகம்.

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் உண்டு என்பதாலேயே இந்தப் பதிவை எழுதுகின்றேன்.

பிரித்தானியாவில் இந்தப் பொழுதுபோக்கு நீண்ட காலமாகவே கேலிக்குரியதாக இருந்துவந்தது. மழையங்கியும் குறிப்புப் புத்தகமுமாக மேடையில் நிற்பவர்களைப் பற்றி அங்கு ஏராளமான பகிடிகள் உண்டு. ஆனால் 1963ஆம் ஆண்டின் பீச்சிங் அறிக்கையைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான மைல் பாதைகள் மூடப்பட்டபோது, அவை எப்படி இருந்தன என்பதற்கான சாட்சியம் அந்த 'வேலையற்றவர்களின்' ஆல்பங்களிலேயே எஞ்சியிருந்தது. வேல்ஸில் தலிதின் என்ற சிறு பாதையை 1951ஆம் ஆண்டிலேயே தொண்டர்கள் பொறுப்பேற்று ஓட்டத் தொடங்கினார்கள். பழைய பாதைகளைப் பேணும் இயக்கம் அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. இந்தியாவின் டார்ஜிலிங் பாதை 1999இலும் நீலகிரி மலைப்பாதை 2005இலும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

இலங்கையிலும் இந்த ஆர்வம் இல்லாமற் போகவில்லை. 1986 முதல் 'வைஸ்ரோய் ஸ்பெஷல்' என்ற பெயரில் பழைய நீராவி எஞ்சின் பூட்டிய வண்டி சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடியிருக்கின்றது. புகையிரதச் சேவையின் 150ஆவது ஆண்டு நிறைவான 2014இல் கடுகண்ணாவையில் தேசியப் புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம்பிடிக்காத வெளிநாட்டுப் பயணி இல்லை என்றே சொல்லலாம். ஆழிப்பேரலை நாளான 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் கவிழ்ந்த வண்டியை இழுத்துவந்த 591ஆம் இலக்க 'மனிற்றோபா' எஞ்சினும் திருத்தப்பட்டு மீண்டும் பாதையில் ஓடியது. அந்த இலக்கத்தைத் தெற்கிலுள்ள புகையிரத ஆர்வலர் எவரும் அறிவர்.

வடக்குப் பாதைக்கு இப்படியொரு படத்தொகுப்பு உண்டா?

பாதையின் கதை சிறியதன்று. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலான பகுதி 1902இல் திறக்கப்பட்டது. 1905இல் வன்னிக் காட்டை ஊடறுத்து முழுப் பாதையும் பூர்த்தியாகி, கொழும்பும் காங்கேசன்துறையும் இணைந்தன. 1956 ஏப்ரலில் யாழ்தேவி வந்தது. எங்கள் ஊரவர்கள் அதைப் புகையிரதம் என்றும் சொல்லவில்லை, ரயில் என்றும் சொல்லவில்லை. கோச்சி என்றார்கள். கோச்சி கூவும் சத்தத்தைக் கொண்டு வயலில் நின்றவர்கள் நேரம் சொன்னார்கள்.

பரந்தன் இந்தப் பாதையில் பெரிய நிலையமன்று. ஆயினும் அதற்கெனத் தனியான முக்கியத்துவம் இருந்தது. ஏ-9 வீதியிலிருந்து முல்லைத்தீவுக்குப் பிரியும் சந்தி அது. ஆனையிறவு உப்பளம் ஒரு பக்கம், அந்த உப்பை மூலப்பொருளாகக் கொண்டு கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் தயாரித்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இன்னொரு பக்கம், இரணைமடுக் குளத்து நீரை நம்பிய நெல்வயல்கள் மற்றொரு பக்கம். வடக்கே காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை. பயணிகளை மட்டுமன்றி ஒரு பிரதேசத்தின் உழைப்பையும் சுமந்த பாதை இது.

அந்நாட்களில் இந்தப் பாதையில் ஓடிய எஞ்சின்களைப் பற்றி ஒரு செய்தி புலம்பெயர்ந்த வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1950களில் கனடா இலங்கைக்கு வழங்கிய எம்-2 வகை டீசல் எஞ்சின்களுக்கு அந்நாட்டின் மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். 'ஒன்ராறியோ', 'அல்பேர்ட்டா', 'மனிற்றோபா' என்று எஞ்சின்களின் பக்கவாட்டில் எழுதப்பட்டிருந்தது. எங்கள் மக்கள் ஒன்ராறியோவுக்குக் குடிபெயர்வதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே ஒன்ராறியோ இலங்கைத் தண்டவாளத்துக்கு வந்துவிட்டது. ரொறன்ரோவில் வாழும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பிறகு நடந்தவற்றை நாம் அறிவோம். 1985 ஜனவரியில் முறிகண்டிக்கு அருகே யாழ்தேவி குண்டுத் தாக்குதலுக்குள்ளாகிப் பலர் உயிரிழந்தனர். 1990 ஜூன் மாதத்துடன் வடக்கிற்கான சேவை முற்றாக நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டு இரு தரப்பினரதும் காப்பரண்களுக்குப் பயன்பட்டன. பாதை கிடந்த மண்மேட்டில் பற்றை வளர்ந்தது, கண்ணிவெடி விதைக்கப்பட்டது. 2009 ஜனவரி முதல் நாள் பரந்தன் படையினர் வசமானது. அதற்குப் பிந்திய மாதங்களில் முல்லைத்தீவு வீதியால் மக்கள் எதைச் சுமந்துகொண்டு சென்றார்கள் என்பதை இங்கு விவரிக்க வேண்டியதில்லை.

இந்திய அரசின் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் பாதையை மீள அமைத்தது. 2013 செப்டெம்பரில் வண்டி கிளிநொச்சியை எட்டியது. 2014 மார்ச்சில் பரந்தனைக் கடந்து பளைக்கும், அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் சென்றது. பரந்தன் ஏறத்தாழ 24 ஆண்டுகள் கோச்சியைக் காணாமல் இருந்தது. ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, தானும் ஒரு பிள்ளையைப் பெறுவதற்குப் போதுமான காலம்.

அந்த 24 ஆண்டுகளுக்கு முந்திய பாதை எப்படி இருந்தது என்று ஒரு மாணவர் கேட்டால், காட்டுவதற்கு எங்களிடம் மிகச் சொற்பமே உண்டு. பழைய நிலையத்தின் முகப்பு எப்படி இருந்தது? பெயர்ப்பலகையில் எந்த மொழி மேலே இருந்தது? சரக்குப் பெட்டிகளை எங்கு நிறுத்தினார்கள்? கைகாட்டி மரம் எந்தப் பக்கத்தில் நின்றது? நினைவிலிருந்து சொல்பவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றார்கள். படங்கள் எடுக்கப்படாமல் இல்லை. எடுத்தவர்களுட் பலர் வெளிநாட்டு ஆர்வலர்கள். எங்களிடம் இருந்தவையோ வீடுகளோடு எரிந்தன, இடம்பெயர்வில் தொலைந்தன.

கமராவைக் கண்டால் சந்தேகம் எழுவதற்கும் காரணம் உண்டு. போர்க்காலத்தில் பாலத்தையோ தண்டவாளத்தையோ படம்பிடிப்பது உளவு வேலையாகக் கருதப்பட்டது. செய்தியாளர்களாகிய நாங்களே கமராவைப் பைக்குள் மறைத்துக்கொண்டு சோதனைச் சாவடிகளைக் கடந்திருக்கின்றோம். அந்த அச்சம் இன்னும் முழுதாக விலகவில்லை. ஒரு பொதுப் பாதையில் ஓடும் பொது வாகனத்தைப் பகிரங்கமாகப் படம்பிடிக்கும் இளைஞனை எவரும் விசாரிக்காத நிலை வருமானால், அதையும் இயல்பு வாழ்க்கையின் அடையாளங்களில் ஒன்றாகவே நான் கொள்வேன்.

"காணி விடுவிக்கப்படவில்லை, காணாமல் ஆக்கப்பட்டோருக்குப் பதில் இல்லை, இந்த நேரத்தில் கோச்சிப் படமா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரின் கைகளில் இருந்தவை புகைப்படங்களே. இருந்ததை இருந்தது என்று சொல்வதற்கு ஒரு படம் எவ்வளவு அவசியம் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. கோச்சியின் படத்தை அந்தப் படங்களோடு சமப்படுத்த நான் முனையவில்லை. படமெடுத்து வைப்பது வீண்வேலை என்று சொல்லும் உரிமை மட்டும் எங்கள் சமூகத்துக்கு இல்லை என்கின்றேன்.

ஆகவே இளைஞர்களிடம் சில வேண்டுகோள்கள்.

எஞ்சினை மட்டும் எடுக்காதீர்கள். சென்னை பெரம்பூரில் செய்யப்பட்ட புதிய எஸ்-13 வண்டி அழகானதுதான். அதன் படம் எங்கும் கிடைக்கும். கடவைக் காவலாளி, நிலைய அதிபரின் மேசை, மூட்டைகளுடன் காத்திருக்கும் வியாபாரி, கொழும்புக்கு வேலை தேடிப் போகும் பிள்ளையை ஏற்றிவிட வந்த பெற்றோர் ஆகியோரையும் அவர்களுடைய சம்மதத்துடன் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் திகதி, இடம், வண்டியின் பெயர், எஞ்சின் இலக்கம் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். விவரமில்லாத படம் இருபது ஆண்டுகளின் பின் எவருக்கும் உதவாது. 2023, 2024ஆம் ஆண்டுகளில் திருத்த வேலைகளுக்காக இப்பாதையில் மாதக்கணக்கில் சேவை தடைப்பட்டதை நினைவில் வையுங்கள். இன்று கண்முன் இருப்பது நாளையும் அப்படியே இருக்கும் என்று நம்புவதற்கில்லை.

யாவற்றுக்கும் மேலாக, தண்டவாளத்தில் நின்று படமெடுக்காதீர்கள். புதிய பாதையில் வண்டிகள் முன்னரைவிட வேகமாக வருகின்றன. 2019 ஜூனில் கிளிநொச்சிப் பகுதியில் கடவையொன்றில் இராணுவ வாகனத்தின் மீது புகையிரதம் மோதிப் படையினர் உயிரிழந்தனர். பாதுகாப்பற்ற கடவைகளில் பொதுமக்களும் இறந்திருக்கின்றார்கள். அத்தகைய கடவைகளையும் படம்பிடித்து அனுப்புங்கள். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அந்தப் படங்களை மறுக்க மாட்டார்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒன்று. லண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் உள்ள குடும்ப ஆல்பங்களில், கல்யாணப் படங்களுக்கிடையே, பல்கலைக்கழகத்துக்கோ கொழும்பு உத்தியோகத்துக்கோ புறப்பட்ட ஒருவரை மேடையில் நிறுத்தி எடுத்த படம் ஒன்றாவது இருக்கும். அவருக்குப் பின்னால் நிலையத்தின் சுவரோ பெயர்ப்பலகையோ பெட்டியின் சன்னலோ தெரியும். உங்களுக்கு அது மாமாவின் படம். இந்தப் பாதையின் வரலாற்றை எழுத வருபவருக்கு அதுவே ஆவணம். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகள் உண்டு. அந்தப் படத்தை ஒருமுறை ஸ்கான் செய்து, பின்புறத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்து, அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். பின்புறத்தில் எதுவும் எழுதியிராவிட்டால், அந்த மாமா இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.