கேபிளில் நம்பரைப் பார்க்காதீர்கள், செம்பைப் பாருங்கள்

ரவுட்டர் வாங்க நாலு கடை ஏறி இறங்குபவர்கள்கூட, அதில் சொருகும் லேன் கேபிளைப் பற்றி யோசிப்பதில்லை. எலக்ட்ரீஷியன் கொண்டு வந்ததே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். இன்னொரு கூட்டம் இதற்கு நேர் எதிர். கவரில் 'கேட் 8' என்று போட்டிருந்தால், அது கேட் 6-ஐ விட எப்படியும் உசத்தியாகத்தான் இருக்கும் என்று காசைக் கொட்டுகிறது. இரண்டு வழியிலும் நஷ்டம் வாங்குபவருக்குத்தான்.

முதலில் இந்த நம்பர்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். கேட் 5ஈ கேபிள் 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் வேகத்தைத் தாங்கும். 2016-ல் வந்த தரத்தின்படி 2.5 ஜிகாபிட்டும் அதில் ஓடும். கேட் 6 சுமார் 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட் தரும். கேட் 6ஏ அதையே 100 மீட்டருக்குத் தரும். கேட் 8 டேட்டா சென்டர்களில் பக்கத்துப் பக்கத்து சர்வர்களை இணைக்க உருவானது. அதன் முழு வேகத்துக்கு எல்லை 30 மீட்டர். கேட் 7 கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்கத் தர அமைப்பான டிஐஏ அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. அதற்கென்று வகுத்த ஜாக்கும் வேறு. ஆனால் சாதாரண ஆர்ஜே45 ஜாக்கை மாட்டி 'கேட் 7' என்று விற்கிறார்கள்.

நம் வீடுகளில் இருப்பது 100, 200, 300 எம்பிபிஎஸ் இணைப்பு. ஹாலில் இருந்து கடைசி அறைக்கு இழுத்தாலும் 30 மீட்டர் தாண்டுவது அபூர்வம். இதற்கு நல்ல கேட் 5ஈ தாராளம். சுவருக்குள் போவதென்றால் கேட் 6 போடலாம். அதற்கு மேல் போனால் பெருமைதான் மிச்சம்.

அப்படியென்றால் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? செம்புக்கு.

சந்தையில் சிசிஏ என்று ஒரு வகை உண்டு. உள்ளே அலுமினியம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. செம்பு விலை அதிகம் என்பதால் வந்த குறுக்கு வழி இது. முறையான தரங்கள் முழுச் செம்பைத்தான் கேட்கின்றன. ஆனாலும் சிசிஏ கம்பி 'கேட் 6' என்ற பெயரில் கூசாமல் விற்கப்படுகிறது. அதே தடிமனில் இதன் மின்தடை செம்பைப் போல் சுமார் ஒன்றரை மடங்கு. நாலு முறை மடக்கினால் உள்ளே ஒடியும். இரண்டு மீட்டர் துண்டில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஆனால் மாடி கேமராவுக்கு இதே கேபிளில் மின்சாரத்தையும் அனுப்பினால், மின்னழுத்தம் குறையும், கம்பி சூடாகும். கண்டுபிடிப்பது சுலபம். கம்பி நுனியை பிளேடால் சுரண்டுங்கள்; உள்ளே வெள்ளியாய் மின்னினால் அலுமினியம். ஒரே அளவு சுருள் கையில் கனமே இல்லாமல் இருந்தாலும் சந்தேகப்படலாம்.

அடுத்தது ஜாக் அடிக்கும் வேலை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு கம்பி போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எட்டில் ஒன்று சரியாகப் பதியவில்லை என்றாலும், பல சமயம் ரவுட்டர் சத்தம் போடாமல் 100-க்கு இறங்கி விடும். 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாதாமாதம் பணம் கட்டும் குடும்பம், கம்ப்யூட்டரில் 95-ஐத் தாண்டாத வேகத்தைப் பார்த்துவிட்டு இணைப்பு கொடுத்தவர்களைத் திட்டிக் கொண்டிருக்கும். குற்றவாளி சுவருக்குள் இருப்பான்! கம்ப்யூட்டரின் நெட்வொர்க் செட்டிங்கில் இணைப்பு வேகம் 100 என்று இருக்கிறதா, 1000 என்று இருக்கிறதா என்று பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். 100 என்று இருந்தால் கேபிளையும் பாருங்கள், ரவுட்டரின் போர்ட்டே 100-தானா என்றும் பாருங்கள்.

'எல்லாம் வைஃபை ஆன காலத்தில் கேபிள் எதற்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போனுக்குக் கேபிள் வேண்டாம்தான். ஆனால் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் வைஃபை சிக்னலை நன்றாகவே விழுங்கும், அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை. மாடிக்கு இன்னொரு ரவுட்டர் வைத்தால், அதற்கு ஒரு கேபிள் போவதுதான் உறுதியான வழி.

இதைக் கணக்குப் பாடம் மாதிரி தேய்மானம் போட்டுப் பாருங்கள். ரவுட்டர் நாலைந்து வருடத்தில் மாறிவிடும். சுவருக்குள் போன கேபிள் இருபது வருடம் கிடக்கும். நல்ல செம்புக்கு ஆயிரம் ரூபாய் அதிகம் ஆகிறது என்றே வைத்துக் கொள்வோம். வருடத்துக்கு ஐம்பது ரூபாய். மலிவான கேபிள் கெட்டுப் போனால் சுவரை உடைத்து, பூசி, பெயின்ட் அடிக்க ஆகும் செலவு எவ்வளவு?

வீடு கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே லேன் கேபிளை நுழைக்க விடாதீர்கள். தனி பைப் போடச் சொல்லுங்கள், கொஞ்சம் பெரிதாகவே. நாளைக்கு ஃபைபரே வந்தாலும் பழையதை உருவிவிட்டுப் புதியதை இழுத்துக் கொள்ளலாம். எதிர்காலத்துக்கான முதலீடு என்றால் அந்த பைப்புதான், கவரில் இருக்கும் 8 அல்ல.