நிலவறையும் உடற்பயிற்சியும்

மேனாட்டு இல்லங்களில் வறிதே கிடக்கும் நிலவறையை எழில்மிகு உடற்பயிற்சிக்கூடமாக்கும் வழக்கம் பெருகியுள்ளது. நன்றே, ஆயினும் நிலைக்கண்ணாடியும் வண்ணவிளக்கும் முற்பட, காற்றோட்டம் பிற்படுதல் முறையோ? ஈரங்கசியும் சுவரிடையே மூச்சுவாங்க உழைப்போன் நலம்பெறுவது எங்ஙனம்?

1858-இல் நியூயார்க்கிற் பிறந்த தியோடர் ரூஸ்வெல்ட் இளமையில் ஈளைநோயால் நலிந்தார். அவர்தம் தந்தையார் காற்றுலவும் மாடித் தாழ்வாரத்தையே பயிற்சிக்கூடமாக்கினார். மைந்தரும் விடாது பயின்று வலிமையுற்றார். 1901-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரும் ஆயினார். அக்கூடத்திற்குப் பெருமை தந்தது அணியன்று, இடைவிடாப் பயிற்சியே.

வாரந்தோறும் 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பும், இருநாளேனும் தசைப்பயிற்சியும் வயதுவந்தோர்க்கு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்தது. இதற்கு நிலைக்கண்ணாடி எற்றுக்கு?

ஆகவே, அன்பர்காள்! முதற்கண் ஈரத்தைப் போக்குமின். காற்றுக்கு வழி திறமின். அணி பின்னர் ஆகுக. நாம் புகுந்து பயிலாத கூடம், எத்துணை அழகுடையதாயினும், வறிய நிலவறையேயாம்.