எல்லைக்கு இப்பாலும் அப்பாலும்

விழுப்புரத்திலிருந்து புதுவைக்குப் பழைய சாலை வழியே பேருந்தில் சென்றிருக்கும் வாசகர்கள் ஒரு வேடிக்கையைக் கவனித்திருப்பார்கள். வளவனூர் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அதற்கு அப்பால் வரும் மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுவையைச் சேர்ந்தவை. கண்டமங்கலம் வந்ததும் மீண்டும் தமிழ்நாடு. அரியூரிலும் வில்லியனூரிலும் மீண்டும் புதுவை. நாற்பது கிலோமீட்டர் அளவேயான பயணத்தில் இத்தனை முறை ஆட்சி மாறுகிறது. ஆனால் வயலும் வரப்பும் வாய்மொழியும் மாறுவதில்லை. திண்டிவனத்திலிருந்து வருவோருக்கு இவ்வளவு குழப்பமில்லை. கோரிமேட்டை நெருங்கும்வரை தமிழ்நாடு, பின்பு புதுவை.

இந்த ஒட்டுத் துணிக்குக் காரணம் பதினெட்டாம் நூற்றாண்டின் சரித்திரம். நவாபுகளின் வாரிசுச் சண்டைகளில் ஒரு பக்கம் சேர்ந்து நின்ற பிரெஞ்சுக்காரர்களுக்கு, வில்லியனூர், பாகூர் முதலிய ஊர்கள் அவ்வப்போது மானியமாகக் கிடைத்தன. பின்னர் ஆங்கிலேயர் வென்று, பறித்து, ஒரு பகுதியை மட்டும் திருப்பிக் கொடுத்தனர். இவ்வாறு மிஞ்சிய ஏறக்குறைய 290 சதுர கிலோமீட்டர் நிலமே இன்றைய புதுச்சேரிப் பகுதி.

கோடு கிழித்தவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். ஆனால் கோட்டின் இருபுறத்தாரும் ஒருவரைப் பற்றி ஒருவர் பேசும் பேச்சு மட்டும் போகவில்லை. நம் பக்கத்து இல்லங்களில் புதுவையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தால் முதலில் எழும் சொல் என்ன? “பாண்டிக்காரரா? குடியும் கூத்துமாக இருப்பார்களே! பிரெஞ்சுப் பென்ஷனை வாங்கிக்கொண்டு காலாட்டிக்கொண்டிருப்பவர்களாயிற்றே!” அப்புறத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? “விழுப்புரத்துப் பக்கமா? பட்டிக்காட்டு மனிதர்கள், பைசாவை எண்ணி எண்ணி முடிந்து வைப்பார்கள், நம்முடைய ஆஸ்பத்திரியிலும் கல்லூரியிலும் இடம்பிடிக்க வருகிறவர்கள்.” இவ்விரு பேச்சையும் பேசுவோர் ஒரே உயர்மறைமாவட்டத்துப் பிள்ளைகள், ஒரே மொழியினர். பல வேளைகளில் சித்தப்பா மக்கள், அத்தை மக்களுங்கூட.

பெரிய தேசங்களும் இவ்வகைப் பேச்சுக்கு விலக்கல்ல. பிரெஞ்சுக்காரரும் அமெரிக்கரும் ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்வதைக் கேட்டால் நம் திண்ணைப் பேச்சே தேவலை என்று தோன்றும். 2003-ஆம் ஆண்டு ஈராக் மீது படையெடுக்க அமெரிக்கா ஆயத்தமானபோது, ஐக்கிய நாடுகள் சபையில் பிரான்சு அதனை எதிர்த்தது. உடனே அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சிற்றுண்டிச் சாலையில் ‘பிரெஞ்சு வறுவல்’ என வழங்கிவந்த உருளைக்கிழங்கு வறுவலுக்குச் ‘சுதந்திர வறுவல்’ என்று பெயர் சூட்டினார்கள்! (அந்த வறுவல் தங்களுடையது என்று பெல்ஜியர் உரிமை கொண்டாடுவது வேறு கதை.) ‘பிரெஞ்ச்ஸ்’ என்ற பெயரில் கடுகுச் சாந்து விற்ற நிறுவனம், தனக்கும் பிரான்சுக்கும் சம்பந்தமேயில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. 2006-இல் சந்தடியில்லாமல் பழைய பெயரே திரும்பி வந்தது.

“இரண்டு உலகப் போரிலும் உங்களைக் காப்பாற்றினோமே, நன்றி எங்கே?” என்பது அமெரிக்கர் வாதம். “எங்கள் துணையில்லாமல் உங்களுக்குச் சுதந்திரமே கிடைத்திராதே” என்பது பிரெஞ்சுக்காரர் பதில். இந்தோசீனத்தில் 1954-இல் தியென் பியென் பூ கோட்டை வீழ்ந்தபோது அமெரிக்க விமானங்கள் உதவிக்கு வரவில்லை என்ற மனத்தாங்கல் பிரான்சுக்கு உண்டு. 1956-இல் சூயஸ் கால்வாய் விஷயத்திலும் அமெரிக்காவின் நெருக்குதலால் பின்வாங்க நேர்ந்தது. 1966-இல் தெகோல் தம் நாட்டை நேட்டோவின் கூட்டுப் படைத் தலைமையிலிருந்து விலக்கி, அமெரிக்கத் துருப்புகளையும் வெளியேறச் சொன்னார். 2009-இல்தான் பிரான்சு அதனுள் திரும்பவும் சேர்ந்தது. ஆக, “அகங்காரிகள்”, “நாகரிகமற்றவர்கள்” என்ற வசைகளுக்கு அடியில் பெரும்பாலும் ஏதோ ஓர் அரசியல் காயம் இருக்கிறது. காயம் இன்னதென்பது மறந்தபின்னும் வசை மட்டும் நிலைத்துவிடுகிறது.

அவர்கள் சண்டை நமக்கெதற்கு என்று எண்ண வேண்டாம். அமெரிக்கச் சுதந்திரத்துக்கு நம் மண்ணும் விலை கொடுத்திருக்கிறது. 1778 பிப்ரவரியில் பிரான்சு அமெரிக்கக் குடியேற்றங்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அதனால் மூண்ட போரில், அதே ஆண்டு அக்டோபரில் ஹெக்டர் மன்றோவின் படை முற்றுகையிட்டுப் புதுவையைக் கைப்பற்றியது. கோட்டை மதில்கள் தகர்க்கப்பட்டன. 1783 ஜூனில் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடுமையாக மோதினார்கள். ஐரோப்பாவில் அந்த ஜனவரியிலேயே சமாதானத்துக்குப் பூர்வாங்கக் கையெழுத்து ஆகியிருந்தது! அச்செய்தியைச் சுமந்த கப்பல் வந்து சேர்வதற்குள் இரு தரப்பிலும் எத்தனையோ பேர் மடிந்துவிட்டனர். பாஸ்டனில் தொடங்கிய போரின் கடைசிச் சண்டைகளுள் ஒன்று இவ்வாறு கெடிலக் கரை ஊரில் முடிந்தது.

அதற்கு முந்தியதே வந்தவாசிப் போர். திண்டிவனத்துக்கு வடக்கே, 1760 ஜனவரி 22-ஆம் நாள், அயர் கூட் என்னும் ஆங்கிலத் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படையை முறியடித்தார். மறு ஆண்டு ஜனவரியில் புதுவை சரணடைந்து, நகரமே இடிக்கப்பட்டது. 1750 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த செஞ்சிக் கோட்டையும் 1761-இல் வீழ்ந்தது. தோற்ற லாலியைப் பாரிசில் துரோகி என்று சொல்லி 1766-இல் சிரச்சேதம் செய்தார்கள். இவ்வளவும் பள்ளிப் புத்தகங்களில் உண்டு. இரு படைகளிலும் கூலிக்குத் துப்பாக்கி தூக்கிய சிப்பாய்களில் நம் நாட்டவர் ஏராளமானோர் இருந்தனர் என்பதுதான் அவற்றில் அழுத்தமாகச் சொல்லப்படுவதில்லை. அவர்களுக்குள் என்ன பகை இருந்திருக்க முடியும்?

போர் ஓய்ந்தபின் பகை உப்பில் புகுந்தது. 1815-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி, பிரெஞ்சுப் பகுதியில் விளையும் உப்பையெல்லாம் ஆங்கிலேயரே குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை பெற்றனர். அதற்கு ஈடாக ஆண்டுக்கு நான்கு லட்சம் சிக்கா ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டனர். 1818-இல் மற்றோர் ஏற்பாட்டினால் பிரெஞ்சுப் பகுதியில் உப்பு விளைவிப்பதே நிறுத்தப்பட்டது. மரக்காணத்து உப்பளங்களை அறிந்த நம்மவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். கைக்கெட்டும் தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு, உப்புக்கு அடுத்த அரசின் கையை எதிர்பார்க்கச் செய்தார்கள்.

ஆயினும் அந்தக் கோடு சிலருக்கு அடைக்கலமும் ஆயிற்று. பாரதியார் 1908-இல் புதுவைக்குச் சென்றார். அரவிந்தர் 1910-இல் வந்து சேர்ந்தார். ஆங்கிலேய அதிகாரிகளின் பார்வையில் புதுவை கலகக்காரர்களின் கூடாரம். நம் மக்களுக்கோ அது மூச்சுவிடக் கிடைத்த சாளரம். பத்தாண்டுகளுக்குப் பின், 1918 நவம்பரில், பாரதியார் அந்த எல்லையைக் கடந்து கடலூர்ப் பக்கம் வந்தவுடனே கைது செய்யப்பட்டார்.

1947-க்குப் பின் நிலைமை தலைகீழாயிற்று. சுதந்திரம் இப்பக்கம், அந்நியக் கொடி அப்பக்கம். “இன்னுமா வெள்ளைக்காரனுக்குச் சலாம் போடுகிறீர்கள்?” என்று தென்னார்க்காட்டார் ஏளனம் செய்தனர். 1949-இல் சுங்கக் கூட்டு ஏற்பாடு முறிந்து, சுங்கச் சாவடிகள் முளைத்தன. தங்கமும் வெளிநாட்டுச் சரக்கும் புதுவை வழியே கடத்தப்படுகின்றன என்பது டெல்லியின் குற்றச்சாட்டு. தங்கள் கழுத்தை நெரிக்கிறார்கள் என்பது பிரெஞ்சு நிர்வாகத்தின் முறையீடு. இடையில் அகப்பட்டவர்கள் வளவனூரில் பெண் கொடுத்து வில்லியனூரில் பெண் எடுத்த குடும்பத்தார். அவர்களுக்குச் சீர்வரிசை மூட்டையும் சுங்கத்துக்குரிய சரக்கே. இன்று நாம் சொல்லும் “பாண்டிக்காரன் சூது”, அவர்கள் சொல்லும் “வெளியூரான் அதிகாரம்” என்பவற்றில் பெரும்பங்கு இந்த ஐந்தாறு ஆண்டுகளில் விளைந்ததென்றே எனக்குத் தோன்றுகிறது.

1954 மார்ச்சில், அதுவரை பிரெஞ்சு ஆட்சிக்குத் துணை நின்ற எதுவார் குபேர் இணைப்பின் பக்கம் திரும்பினார். தமிழ்நாட்டு நிலத்தால் சூழப்பட்ட நெட்டப்பாக்கம் முதலில் விடுதலைக் கொடி ஏற்றியது. அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் கூடிய 178 மக்கட் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. ஆயினும் 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பிரெஞ்சுப் பாராளுமன்றம் உறுதி செய்ய 1962 ஆகிவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 16-இல்தான் சட்டப்படியான மாற்றம் நிறைவேறியது. அன்றுமுதல் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்க வைத்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்பை ஏறக்குறைய ஐயாயிரம் பேர் பயன்படுத்தினர். சைகோனிலும் பிற இடங்களிலும் பிரெஞ்சுப் படையிலும் அலுவலகங்களிலும் ஊழியம் பார்த்த குடும்பத்தினர் அவர்களில் பலர். ‘சொல்தா’ என்று நாம் அசூயையோடு குறிப்பிடும் அந்தக் கிழவர், இந்தோசீனத்துச் சேற்றிலும் அல்ஜீரிய மணலிலும் உயிரைப் பணயம் வைத்துப் பெற்றதே அந்தப் பென்ஷன்.

நம் மறைமாவட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1886-இல் உயர்மறைமாவட்டமான நாள் தொட்டு, அது இரு கொடிகளின் கீழும் பரவியிருந்தது. பேராயரின் இருப்பிடம் பிரெஞ்சு மண்ணில். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பக்கத்துப் பங்குகள் ஆங்கிலேய மண்ணில். பாரிசு வேதபோதக சபைச் சுவாமிமார் இரு மண்ணிலும் நடந்தார்கள். 1953-இல், ஆட்சி கைமாறுவதற்கு ஓராண்டு முன்பே, மறைமாவட்டத்தின் பெயரில் கடலூரும் சேர்ந்தது. எனினும், கோயிலில் அடுத்தடுத்து முழந்தாளிட்டவர்கள் வெளியே வந்ததும் பழைய பேச்சைத் தொடர்ந்தார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இணைப்புக்குப் பிறகும் ஒரு மனத்தாங்கல் உண்டு. “ஒரே தமிழர்தாமே, எங்களோடு சேர என்ன தடை?” என்று நம்மவர் கேட்பது வழக்கம். 1979 ஜனவரியில், பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுவையை அண்டை மாநிலத்துடன் இணைப்பதுபற்றிக் கருத்துச் சொன்னபோது அங்கே பெருங்கிளர்ச்சி மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்ப்பலியும் நேர்ந்தது. நம் பக்கத்தில் இதனை அவமதிப்பாகக் கொண்டவர்கள் உண்டு. அவர்கள் 1956 ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவைப் பார்க்க வேண்டும். புதுவையின் தனி நிர்வாக நிலையில் எந்த மாற்றம் செய்வதானாலும் மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே செய்ய வேண்டும் என்று அது கூறுகிறது. அவர்கள் பிடித்துக்கொண்டது அந்த வாக்குறுதியை; தமிழ்நாட்டார்மீது வெறுப்பு அதற்குத் தேவையில்லை.

குடியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் விடமாட்டார்கள். 1948 அக்டோபரில் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது; புதுவையில் வரவில்லை. ஆகவே கோரிமேட்டிலும் மதகடிப்பட்டிலும் எல்லையோரமாய்க் கடைகள் பெருகின. அவற்றை நிரப்பியவர்கள் யார்? வார இறுதியில் இப்பக்கத்திலிருந்து பேருந்தேறிச் சென்ற நம் மக்களே பெரும்பாலோர். நாம் போய்க் குடித்துவிட்டு வந்து, “பாண்டி குடிகார ஊர்” என்று பெயர் வைத்தோம்! இப்போது நம் பக்கத்திலும் அரசே கடை நடத்துகிறது. அந்தக் கோரிமேட்டில்தான் ஜிப்மர் மருத்துவமனையும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த அதன் வாசலில், நம் மாவட்டத்து நோயாளிகள் எத்தனை பேர் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கிறார்கள்!

சம்பந்தம் பேசும் வீட்டாருக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். குடிகாரனா, பகட்டுக்காரனா என்று ஊரைக்கொண்டு கணிப்பவர்கள், கேட்க வேண்டிய காகிதத்தைக் கேட்பதில்லை. பிரெஞ்சு நேஷனாலிட்டி என்றவுடன் சிலர் நகையைக் கூட்டிப் பேசி, மற்றதையெல்லாம் மறந்துவிடுகிறார்கள். மாப்பிள்ளை பிரெஞ்சுப் பிரஜையானால், திருமணத்துக்கு முன்பே புதுவையிலுள்ள பிரெஞ்சுத் தூதரகத்தில் தகுதிச் சான்று பெற வேண்டும். பின்னர் அத்திருமணத்தை அங்கே பதிவேட்டில் ஏற்றவும் வேண்டும். அவர் இந்தியப் பிரஜையாகவே இருந்தாலும் ‘ரெனோன்சான்’ குடும்பமா என்று விசாரியுங்கள். 1881-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தங்கள் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். கிறிஸ்தவர்கள் பலர் அவர்களுள் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1968-இல் புதுவைக்கு நீட்டிக்கப்பட்டபோது, ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாதென்று விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே விழுப்புரத்துக் கோயிலில் நடக்கும் கலியாணம் என்றால், எந்தச் சட்டப்படி எங்கே பதிவு செய்வது என்பதை இரு பங்குகளின் சுவாமிமாரிடமும், மாப்பிள்ளை ஊர் ‘மேரி’யிலும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஞானஸ்நானச் சான்று, பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று மூன்றிலும் பெயரும் தேதியும் ஒத்திருக்கின்றனவா என்பதையும் முதல் ஓலை வாசிப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.