பூவாரில் திரும்பும் படகு

கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா மகன் படகில் போக வேண்டும் என்றான். விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகு அவனுக்குப் போதவில்லை. வரிசையில் நின்ற நேரத்தில் கால்வாசிகூடத் தண்ணீரில் கழியவில்லை என்பது அவன் குறை. ஆகவே களியக்காவிளை வழியாக எல்லையைக் கடந்து, கேரளத்தின் பூவாருக்கு அழைத்துச் சென்றேன். நெய்யாறு கடலைச் சேரும் இடம் அது. தென்னை நிழலும் தாழம்புதரும் விலகி விலகி வழிவிட, ஒரு மணி நேரம் சுற்றிய படகு, தெற்கே பிரியும் ஒரு வாய்க்காலின் அருகில் வந்ததும் திரும்பிவிட்டது. "இனி அங்கோட்டு போவாது சாரே" என்றார் படகோட்டி. அவர் கைகாட்டிய திசையில்தான் எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் இருந்தது.

அந்த வாய்க்காலின் முழுப்பெயர் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். ஊரில் ஏ.வி.எம். கால்வாய் என்பார்கள். ("மெய்யப்பச் செட்டியார் வெட்டியதா, அண்ணே?" என்றான் தம்பி. சென்னையிலிருந்து வரும் எல்லோரும் கேட்கும் கேள்விதான்.) அனந்தபத்மநாபர், விக்டோரியா மகாராணி, திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஆகிய மூவரின் பெயரையும் ஒன்றாகக் கோத்து 1860-இல் தொடங்கிய திட்டம் அது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே பார்வதி புத்தனாறு ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. பின்னர் வர்க்கலைக் குன்றையும் குடைந்து, கொல்லம், ஆலப்புழை வரை நீர்வழியை இணைத்தார்கள். அதன் தெற்குக் கிளையாகக் கன்னியாகுமரி வரை வரவேண்டியது இந்தக் கால்வாய். அது முழுமையடையவில்லை. எனினும் குளச்சல், மண்டைக்காடு பகுதிகள் வரை அதன் தடத்தை இன்றும் காணலாம். தென்னை மட்டையும் தொண்டும் ஏற்றிய வள்ளங்கள் அதில் போய்வந்ததை என் தந்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

1956 நவம்பர் 1 அன்று தென் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. பல உயிர்களைக் கொடுத்துப் பெற்ற இணைப்பு அது; அதைப் பற்றி எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அன்று வகுத்த எல்லைக்கோடு, ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்த கால்வாயை இரண்டாக வெட்டிவிட்டது. வடமுனை கேரளத்தில் சுற்றுலாத் தலமாயிற்று. எஞ்சியது தமிழகத்தில் யாருக்கும் வேண்டாத பள்ளமாயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2016-ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டம் பட்டியலிட்ட 111 நீர்வழிகளில் இந்தக் கால்வாயும் ஒன்று. பூவாரிலிருந்து இரையுமன்துறை வரை ஏறத்தாழ 11 கி.மீ. தூரம், தேசிய நீர்வழி எண் 13. அந்த 'தேசிய நீர்வழி'யில் இன்று ஆகாயத்தாமரையும், அழுகும் தொண்டும், வீட்டுக் கழிவும், பிளாஸ்டிக்கும் நிறைந்திருக்கின்றன. கரையை ஒட்டி வீடுகளும் சுவர்களும் உள்ளே நகர்ந்து வந்த இடங்களில், நீர்வழி ஓடையாகச் சுருங்கிவிட்டது.

2023 ஜனவரி 13 அன்று வாராணசியிலிருந்து 'கங்கா விலாஸ்' கப்பல் புறப்பட்டது. வங்கதேசம் வழியாக அசாமின் திப்ரூகர் வரை 51 நாள், சுமார் 3,200 கி.மீ. பயணம். பாட்னா, கொல்கத்தா, டாக்கா, குவாஹாட்டி என்று வரலாற்று நகரங்களை ஆற்றிலிருந்தே காணலாம் என்றார்கள். அன்றிலிருந்து, ஆறு இருக்கும் ஊர்களில் எல்லாம் "நமக்கும் ஒன்று" என்ற பேச்சு எழுகிறது. குமரியிலும் அதைக் கேட்கிறேன். அந்தக் கப்பலின் நீளம் 62 மீட்டர். எங்கள் கால்வாயில் அதைக் குறுக்காக வைத்தால் இரு கரையிலும் வீடுகளுக்குள் புகுந்துவிடும்.

ஆற்றிலும் அது நடவாது. குழித்துறைத் தாமிரபரணியின் நீரைப் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள் பிடித்துவைத்து, கன்னிப்பூ, கும்பப்பூ சாகுபடிக்குக் கால்வாய்களில் விடுகின்றன. படகு மிதக்க வேண்டும் என்பதற்காக வயலுக்குரிய தண்ணீரை ஆற்றில் திறக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது, வரவும் கூடாது. மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்ததால் கடல்நீர் உள்ளே ஏறி, குடிநீர்க் கிணறுகள் உப்பாயின. அதைத் தடுக்கத்தான் பரக்காணியில் தடுப்பணை கட்டினார்கள். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து குழித்துறைக்குப் படகு விடலாம் என்போர் முதலில் அந்தத் தடுப்பணையைப் போய்ப் பார்க்க வேண்டும்.

கிழக்கே நாஞ்சில் நாட்டின் பழையாற்றைச் சொல்வோரும் உண்டு. நாகர்கோவிலின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு மணக்குடிக் காயலைச் சேரும் ஆறு அது. அதன் அண்டையில் சுசீந்திரம் - தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. அங்கு இயந்திரப் படகு விட்டால் பறவைகளைக் காண வருவோருக்குப் படகு மட்டுமே மிஞ்சும்.

அப்படியானால் வேண்டாம் என்கிறேனா? இல்லை. கரையோரம் காண்பதற்கு இங்கே குறைவில்லை. ஆறு வளைந்தோடும் திருவட்டாற்றில் ஆதிகேசவப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். குழித்துறையில் ஆடி அமாவாசைக்கு வாவுபலி கூடுகிறது. முஞ்சிறையிலிருந்து சிவாலய ஓட்டக்காரர்கள் சிவராத்திரிக்குப் புறப்படுகிறார்கள். அதற்கு அருகிலேயே பார்த்திவபுரம். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே 95 மாணவர்களுக்கு உணவும் உறைவிடமும் தந்து கல்விச்சாலை நடத்தினான். அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுவரை செப்பேட்டில் பொறித்துவைத்தான். இந்தப் பகுதிக்கு வரும் பயணிகளில் நூற்றில் ஒருவருக்காவது இது தெரியுமா என்பது ஐயமே. அங்கிருந்து இறங்கினால் பழைய துறைமுகமான தேங்காய்ப்பட்டணம். எதிர்க்கரையில் இரையுமன்துறை; கால்வாய் தொடங்குவது அங்கேதான்.

எனவே என் கருத்து இது: கனவைச் சுருக்கி அந்த 11 கி.மீ.யிலிருந்து தொடங்கலாம். ஆனால் அங்கே முதல் உரிமை பயணிகளுக்கல்ல. இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று கடலுக்கும் கால்வாய்க்கும் இடையே நெருங்கிக் கிடக்கும் மீனவ ஊர்கள் அவை. 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போன ஆண்களை இழந்த ஊர்கள். முன்னால் கடலரிப்பு, பின்னால் அடைபட்ட கால்வாய். மழை பெய்தால் நீர் வடிய வழியில்லை. கொசுவும் துர்நாற்றமும் அவர்களுக்கு ஆண்டு முழுவதும் உண்டு. கால்வாய் துப்புரவானால் அதன் பயன் முதலில் அவர்கள் வீட்டுப் பின்கட்டில் தெரிய வேண்டும்.

அதற்குச் செய்ய வேண்டியவை புதுமையானவை அல்ல. திருவிதாங்கூர்க் கால நில ஆவணங்களைக் கொண்டு கால்வாயின் அசல் அகலத்தை அளந்து எல்லைக்கல் நட வேண்டும். அகற்றப்படும் ஏழைக் குடும்பங்களுக்கு மாற்றிடம் கொடுத்துவிட்டுத்தான் அகற்ற வேண்டும். பெரிய சுவர்களைக் கட்டியவர்களிடம் அந்தத் தயவு தேவையில்லை. தொண்டு அழுகப்போடத் தனியிடமும், கழிவுநீருக்குச் சுத்திகரிப்பும் வேண்டும். இரு மாநிலங்களும் ஒரு மேசையில் அமர வேண்டும். நீர்வழிக்குப் பொறுப்பான மத்திய ஆணையமே அவர்களைக் கூட்டலாம்.

அதன் பிறகு பத்துப் பேர் அமரும் சிறு படகுகள் போதும். ஓட்டுபவர்கள் அந்த ஊர்க்காரர்களாக, அவர்களின் கூட்டுறவுச் சங்கமாக இருக்கட்டும். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றியமைத்து அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகளும் பெண்களும். இங்கே உரிமம் தருபவரின் மேசையில் அந்தச் செய்தி இருக்க வேண்டும்.

தேங்காய்ப்பட்டண மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் மணல்மேடாலும் அலையாலும் படகுகள் கவிழ்ந்து மீனவர்கள் மாண்ட செய்திகளை இந்த மாவட்டத்தில் பலமுறை படித்துவிட்டோம். தூண்டில் வளைவைச் சீரமைக்கக் கோரி அவர்கள் போராடியதும் பலமுறை. சுற்றுலாப் படகுத்துறைக்கென்று நிதி ஒதுக்கும் நாள் வந்தால், அந்த முகத்துவாரத்தின் வேலை அதற்கு முன் முடிந்திருக்க வேண்டும் என்று நான் கேட்பேன். தம்பியிடமும் இதைச் சொன்னேன். "அப்போ அடுத்த லீவுக்கும் பூவார்தானா, அண்ணே?" என்றான். அடுத்த விடுமுறைக்கு மட்டுமல்ல, அதற்கடுத்ததற்கும் பூவார்தான் என்றேன்.