மரத்தில் செய்ததெல்லாம் மரபு ஆகிவிடாது

கொஞ்சம் நீளமான பதிவு. முழுதும் படித்துவிட்டுத் திட்டினாலும் பரவாயில்லை. படிக்காமல் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

விஷயம் இதுதான். சிட்னியில் இருக்கும் என் தங்கை மகன், கடலில் மூச்சடக்கி இறங்கி ஈட்டியால் மீன் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறான். அதற்கு ஸ்பியர்கன் வேண்டும். மரத்தில் செய்ததை வாங்கலாமா, குழாயில் செய்ததை வாங்கலாமா என்று போன வாரம் என் முகநூல் பக்கத்தில் கேட்டான். உடனே உறவுக்காரப் பெரியவர் ஒருவர் எழுதினார்: "காஞ்சிபுரத்துப் பிள்ளை மரத்தைத்தான் கையில் எடுக்கணும். தறிமரம்தான் நமக்குச் சோறு போட்டது. குழாய் எல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்." அதற்கு அறுபது பேர் ஆமாம் போட்டிருக்கிறீர்கள். அதில் பதினைந்து பேர் என்னிடம் அறிவியல் படித்தவர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்தவன். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. ஆனாலும் போன வருடம் சிட்னி போனபோது, மாப்பிள்ளையின் நண்பர் வீட்டில் இரண்டு வகையையும் கையில் வாங்கிப் பார்த்தேன். ஈட்டியைக் கழற்றிவிட்டு, அவர் வீட்டு நீச்சல் தொட்டியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

பெயர்தான் துப்பாக்கி. உள்ளே மருந்து, தோட்டா எதுவும் கிடையாது. நம் பிள்ளைகள் மாங்காய் அடிக்கும் உண்டிவில்தான், நீட்டி வைத்தது. நீண்ட தண்டு ஒன்று, அதன் மேல் எஃகு ஈட்டி, முன் முனையில் ரப்பர் பட்டை, பின்னால் கைப்பிடியும் விசையும். ரப்பரை இழுத்து ஈட்டியில் மாட்டி, விசையைத் தட்டினால் ஈட்டி பாயும். சண்டையெல்லாம் அந்தத் தண்டு எதில் செய்தது என்பதில்தான். தேக்கு போன்ற மரத்தைப் பட்டை பட்டையாக ஒட்டிச் செய்தால் மரத் துப்பாக்கி. அலுமினியம் அல்லது கார்பன் இழைக் குழாய் என்றால் குழாய்த் துப்பாக்கி.

"மரத்துக்குத்தான் வேகம் அதிகம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். தம்பி, வேகம் ரப்பரில் இருக்கிறது, மரத்தில் இல்லை. எட்டாம் வகுப்பில் பலூனை ஊதி விட்டுக் காட்டி நியூட்டனின் மூன்றாம் விதி நடத்தினேனே, நினைவிருக்கிறதா? ஈட்டி முன்னால் பாய்ந்தால் துப்பாக்கி பின்னால் உதைக்கும். துப்பாக்கி கனமாக இருந்தால் அந்த உதை கையில் குறைவாகத் தெரியும், குறி கலையாது. அதனால்தான் மரத்தில் மூன்று, நான்கு ரப்பர் கூட மாட்டலாம். இலேசான குழாயில் ஒன்று அல்லது இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். மீறினால் உதைக்கும், தண்டும் லேசாக வளையும். மரத்தின் பெருமை அதன் கனத்திலும் விறைப்பிலும் இருக்கிறது. அதில் முன்னோர் ஆசி எதுவும் கலந்திருக்கவில்லை.

அதே கனம் இன்னொரு இடத்தில் காலை வாரும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. தடித்த மரத்தண்டைத் தண்ணீரில் பக்கவாட்டில் திருப்பும்போது என் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. குழாயோ கதவுத் தாழ்ப்பாள் போலச் சட்டென்று திரும்பியது. உள்ளே காற்றை அடைத்து மூடியிருப்பதால் மிதப்பும் உண்டு, கை சோராது. பாறை இடுக்கிலிருந்து ஒரு மீன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடும் நேரத்தில் மரத்தைத் திருப்பி முடிப்பதற்குள் மீன் வீட்டுக்குப் போய்விடும்.

ஆகவே கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும்? எந்தத் தண்ணீர், எந்த மீன், யார் கை? தெளிந்த ஆழ்கடலில், தூரத்தில் போகும் பெரிய மீனுக்கு நீளமான மரம் பொருத்தம். கரையோரப் பாறையில், பாசிக்காட்டில், கலங்கல் தண்ணீரில் பழகுகிறவனுக்கு நடுத்தர நீளக் குழாய் பொருத்தம். விலையும் பொதுவாகக் குழாய்க்குக் குறைவு. இவ்வளவுதான் விடை. இதில் காஞ்சிபுரம் எங்கே வந்தது?

"மரபு" என்று சொன்னதால் வரலாற்றையும் பார்த்துவிடுவோம். இந்த நீரடித் துப்பாக்கி விளையாட்டே 1930-களில் பிரான்சின் மத்தியதரைக்கடல் கரையில் வளர்ந்தது. மரத் துப்பாக்கியைப் பெரிதாக வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். அதாவது மரமும் வெள்ளைக்காரன் சமாச்சாரம்தான், குழாயும் அவன் சமாச்சாரம்தான். இரண்டுக்கும் நூறு வயதுகூட ஆகவில்லை. இதில் ஒன்றுக்கு மட்டும் நாம் திருநீறு பூசிக் கும்பிடுவது எந்த ஊர் நியாயம்?

உண்மையாகவே நம் கடல் மரபு எது என்றால் கட்டுமரம். ஆங்கிலத்துக்கே அந்தச் சொல்லைக் கொடுத்தவர்கள் நாம். முன்பு நம் மாவட்டத்தில் இருந்து, 2019-ல் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போன கோவளத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். கரை முழுக்க ஃபைபர் படகு. 2004 சுனாமிக்குப் பிறகு அது இன்னும் பெருகியது. அந்த மீனவரிடம் போய் "ஏனப்பா மரத்தை விட்டாய்?" என்று கேட்டால் சிரிப்பார். அலையில் இறங்குகிறவர் அவர். கரையில் நின்று மரபு பேசுகிறவர்கள் நாம்.

சரி, தறிக்கே வருகிறேன். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் பிறந்தவன் நான். காஞ்சிப் பட்டின் உயிர் தறிமரத்தில் இருப்பதாக நினைப்பவர்கள் தறிக்குள் இறங்காதவர்கள். அதன் உயிர் கோர்வையில் இருக்கிறது. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் இரண்டு நாடா, நெய்பவர் ஒருவர், பக்கத்தில் உதவிக்கு இன்னொருவர். கரையும் உடலும் சேரும் இடத்தில் இழையோடு இழை பூட்டும் அந்தக் கைவேலைதான் காஞ்சி. அந்தக் காலத்து மூங்கில் அச்சு போய் எஃகு அச்சு வந்தது. பட்டு கெட்டுப்போனதா? அடை கட்டிப் பூ எடுத்த இடத்தில் ஜக்கார்டு பெட்டி வந்தது. அது யார் கொடுத்தது? பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டுத் தறிக்காக ஜோசப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் உருவாக்கியது. நீங்கள் "பாரம்பரியம்" என்று படம் எடுத்துப் போடும் ஒவ்வொரு தறியின் தலையிலும் அந்தப் பிரெஞ்சுப் பெட்டிதான் உட்கார்ந்திருக்கிறது!

உடனே "அப்படியானால் விசைத்தறியும் சரியா சார்?" என்று கேட்கும் சாமர்த்தியசாலிகளுக்கு: இல்லை. விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று விற்பது பொய். அந்தப் பொய்யைத் தடுக்கவும் கைத்தறிக்காரர் பிழைப்பைக் காக்கவும்தான் 1985-ல் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. கருவியை மாற்றுவது வேறு, வாங்குபவரை ஏமாற்றுவது வேறு.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1986. எனக்கு வேலை கிடைத்துச் சம்பளம் வர ஆரம்பித்த நேரம். அப்பாவுக்குக் குழித்தறி. ஐப்பசி மழையில் குழியில் ஈரம் ஊறும். முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். தரைக்கு மேலே உட்கார்ந்து நெய்யும் இரும்புச் சட்டத் தறி ஒன்று போடலாமா என்று என்னிடம் கேட்டார். பணம் என்னிடம் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தாத்தா போட்ட மரத்தறிப்பா. அதை எடுத்துட்டா நம்ம மரபே போயிடும்." அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. மகன் வாத்தியார், படித்தவன், அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். இன்னும் பதினோரு வருடம் அந்தக் குழியில்தான் உட்கார்ந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெரியவர் எழுதியதைப் படித்ததும் என் குரலே எனக்குக் கேட்டது. அதனால்தான் இந்தப் பதிவு. கருவியைப் பிடிக்காத கைக்கு, இன்னொருவர் எந்தக் கருவியைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை கிடையாது. மரத்தின் மேல் அவ்வளவு பாசம் இருந்தால், அடுத்த கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கும்போது நெய்தவருக்குக் கூலி என்ன போனது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கே பேரம் பேசிவிட்டு இங்கே மரபு பேசாதீர்கள். நானும் பேரம் பேசியவன்தான். அதனால் தெரியும்.

மாப்பிள்ளை, இனி உனக்கு. குழாயையே வாங்கு. நாலு வருடம் கழித்துப் படகில் ஆழ்கடலுக்குப் போகும் அளவு தேறினால் அப்போது மரம் வாங்கு, நானே பணம் தருகிறேன். கண்ணாடி வழியே தண்ணீரில் 4 மீட்டரில் உள்ள மீன் 3 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும், பெரிதாகவும் தெரியும். கிண்ணத்தில் நாணயம் போட்டுக் காட்டிய ஒளிவிலகல் பாடம்தான் அது. அதை நம்பி அவசரப்படாதே. ரப்பரைத் தண்ணீருக்குள் இறங்கிய பிறகே மாட்டு, கரையில் ஒருபோதும் மாட்டாதே.

உங்கள் மாநிலத்தில் காற்று உருளை கட்டிக்கொண்டு ஈட்டியால் மீன் பிடிக்கக் கூடாது. நீல குரோப்பரை ஈட்டியால் குத்துவதற்கு 1969-லிருந்தே தடை. 2023 டிசம்பர் கடைசியில் குரோனுல்லாவில், மக்களோடு பழகிய ஒரு குரோப்பரை ஒருவர் குத்திக் கொன்றபோது ஊரே கொதித்ததே! அவர் கையில் இருந்தது மரமா குழாயா என்று யாராவது கேட்டார்களா?

கடைசியாக ஒன்று. இறங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்து விடாதே. அப்படிச் செய்தால் மூச்சு முட்டும் உணர்வு தாமதமாக வரும், அதற்குள் மயக்கம் வந்துவிடும். தனியாக இறங்கவே இறங்காதே. மேலே ஒரு ஜோடிக் கண் உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். துப்பாக்கி எதுவானாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. உன் அம்மா இங்கே தினமும் ராத்திரி போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மறுப்பு இருப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். தப்பாக எழுதினால் வழக்கம்போலச் சிவப்பு மையில் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்
காஞ்சிபுரம்